கூட்டேரிப்பட்டு மனையில் மூணு முயல் குட்டி

கோட்டக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து.

அன்பு மகள் பெனாசிருக்கு அத்தா மொய்தீன் பிச்சை எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட கிருபையில இங்க நானும் உங்கம்மாவும் சுகமா இருக்கோம், அங்க தோஹாவுல நீயும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி இல்லாத நாள்ல நல்லாத் தூங்கி எழுந்து இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேட்டுக்கினு இருக்கோம். தினம் போன்ல பேசறோமே, இந்த அத்தா எதுக்குப் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கினு உக்காந்தாருன்னு நீ நெனைப்பே. காரணம் இருக்குது. அன்னைக்கு நீ வார்டுல இருக்கறப்ப உங்கம்மா போன் பண்ணி, குட்டிக்கு மூக்கால பால் வந்துடுச்சு, மூச்சு இழுக்குதுன்னு கத்தினாளே, நீயும் யார் வீட்டுக் குழந்தை, எத்தனை மாசம்னு பதறிப் போய்க் கேட்டியே, அதைப் பத்தித்தான். அப்புறம் நீ எனக்கு அடிச்சு, அம்மாவுக்கு என்னத்தா ஆச்சுன்னு கேட்டப்ப உங்கம்மா பக்கத்துலயே காதைத் தீட்டிக்கினு உக்காந்திருந்தா. அதனாலதான் மொசக்குட்டிம்மா, ஒண்ணும் இல்ல, அப்புறமா சொல்றேன்னு வெச்சிட்டேன். இந்த வீட்ல உங்கம்மாவுக்குத் தெரியாம போன்ல ஒரு வார்த்தை பேச முடியுமா சொல்லு. பக்கத்து வீட்டு மருமகன் வியாழக்கிழமை தோஹாவுக்கு வர்றாரு, அவர்கிட்ட மசாலாத்தூள், எலுமிச்சை ஊறுகாயோட இதையும் குடுத்து அனுப்பலாம்னு இருக்கேன்.

முதல்ல வீட்டு விஷயத்தைச் சொல்லிடறேன். கடையில வியாபாரம் பரவாயில்லை, தை மாசம் பூரா கல்யாணம், சாமியானாவும் நாற்காலியும் ஒரு நாள் கூட கடையில தங்கல, வாடகைக்குப் போன அண்டாவுல ஒண்ணு மட்டும் நசுங்கிப் போய்த் திரும்பி வந்துது, யார் நசுக்கினாங்கன்னு கேட்டா எல்லாரும் மேல பாக்கறாங்க. எனக்கு சுகர் கட்டுல இருக்குது, நீ சொன்ன மாதிரி சாயங்காலம் கடற்கரை வரைக்கும் நடக்கறேன், டீயில சக்கரை போடறதில்லை, உங்கம்மா பாக்காதப்ப கொஞ்சம் போட்டுக்கறேன், அது உனக்கு மட்டும். உங்கம்மாவுக்கு முட்டிவலிதான் விடல. அதைக் காட்டத்தான் அன்னைக்குக் காலையிலேயே திண்டிவனம் போனோம், அந்தப் போக்குலதான் இவ்வளவும் நடந்துது.

அன்னைக்குத்தான் நம்ம கூட்டேரிப்பட்டு மனைக்கு ஜேசிபி வர்ற நாள். நோன்பு வர்றதுக்குள்ள கடக்கால் தோண்டி பேஸ்மட்டம் வரைக்கும் ஏத்திடணும், பெருநாளைக்கு லீவுல வர்றப்ப நாலு சுவராவது நிக்கறதைப் பாக்கணும்னு நீ சொல்லியிருந்தே, நானும் கட்டட மேஸ்திரி சீனுவாசன்கிட்ட கறாரா நாள் குறிச்சு வெச்சிருந்தேன். டாக்டர்கிட்ட காட்டி முடிச்சதும் நம்ம கடைக் குட்டியானை லோடு வண்டியை நேரா மனைக்கு விட்டேன். உங்கம்மா வழி பூரா மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு வந்தா. நீ அந்த மனையை வாங்கினதுலேருந்து அவ அந்தப் பக்கம் கால் வெக்கலைன்னு உனக்கே தெரியும். மாமா மகனுக்குப் பேசி வெச்சிருந்த நிக்காஹ் வேணாம்னு சொல்லிட்டு நீ வேலைக்குக் கிளம்பிப் போன நாள்லேருந்து உங்கிட்ட பேச்சும் இல்ல. நீ போன் பண்ணா எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிடுவா, அங்க கதவு ஓரமா நின்னுக்கினு முழுசும் கேப்பா, நான் வெச்சதும் வந்து, என்ன சாப்பிட்டாளாம், இருமல் நின்னுச்சாமான்னு என்னைக் கேப்பா. இதை உங்கிட்ட நான் பல தடவை சொல்லியிருக்கேன், நீ நம்பினதில்லை. மனைக்கிட்ட வண்டியை நிறுத்திட்டு, எறங்கி வந்து ஒரு துஆ பண்ணிட்டுப் போயேன்னேன். இங்கேருந்தே பண்றேன், அல்லாஹ்வுக்குக் கேக்கும்னு வண்டியிலயே உக்காந்துக்கினா.

மனை பூரா இடுப்பு உயரத்துக்குப் புல்லும் வேலிகாத்தான் முள்ளும் மண்டிக் கிடந்துது, பெயின்ட் அடிச்ச எல்லைக் கல்லு கூடத் தெரியல. ஜேசிபி ஓட்டறவன் பேரு வல்லரசு, ஒலக்கூர்ப் பக்கத்துப் பையன், பாட்டைச் சத்தமா வெச்சிக்கினு ஒரு ஓரத்துலேருந்து சரசரன்னு வழிச்சுக்கினு வந்தான். பாதி மனை சுத்தமாயிருக்கும், திடீர்னு புல்லுக்குள்ளேருந்து ஒரு பெரிய மொசல் பாய்ஞ்சு ஓடுச்சு. மேஸ்திரியோட ஆளுங்க மொசலு மொசலுன்னு கல்லைத் தூக்கிக்கினு தொரத்தினாங்க. அது காதைப் பின்னாடி படுக்கப் போட்டுக்கினு ஒரே ஓட்டமா பக்கத்துக் கொல்லை மல்லாட்டைச் செடிக்குள்ள பூந்து, அந்தக் கடலைச் செடி அடர்த்தியில மறைஞ்சு போச்சு. எல்லாரும் அந்தப் பக்கம் பாத்துக்கினு சிரிச்சுக்கினு நிக்கறாங்க, நானும்தான். உங்கம்மா ஒருத்திதான் மொசல் ஓடின பக்கம் பாக்காம அது கிளம்பின இடத்தைப் பாத்திருக்கா. உயரத்துல உக்காந்திருந்ததால அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் திரும்பிப் பாக்கறேன், முட்டிவலின்னு படியேற மாட்டேன்னவ, வண்டியிலேருந்து எறங்கி முள்ளு, கல்லு எதையும் பாக்காம புல்லுக்குள்ள போய்க்கினு இருக்கா. வல்லரசு வண்டி பக்கெட்டைத் தூக்கிக்கினு வர்றான், இவ நேரா அதுக்கு முன்னாடி போய் ரெண்டு கையையும் விரிச்சிக்கினு நின்னுட்டா. நிறுத்துடான்னு அவ போட்ட சத்தத்துல பாட்டும் நின்னுச்சு, வண்டியும் நின்னுச்சு. இன்னா பாயம்மா, குறுக்க வர்றியே, ஜல்தி நகரு, எனக்கு இன்னொரு எடத்துல வேலை கீதுன்னு வல்லரசு கத்தறான். இவ அவனைத் திரும்பியே பாக்கல, குனிஞ்சு புல்லை விலக்கினா.

ஒரு ஆவாரஞ்செடி அடியில, புல்லு அமுங்கி ஒரு கிண்ணம் மாதிரி குழி, அதுக்குள்ள மூணு குட்டி. என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும், காய்ஞ்ச புல்லு நிறம், கழுத்துக்குப் பின்னாடி மட்டும் கறுப்பா ஒரு பட்டை. கண்ணு திறந்துக்கினுதான் இருந்துது, ஆனா மூணும் ஆடல, அசையல. பக்கெட்டுக்கும் அதுங்களுக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கற தூரம் கூட இல்லம்மா. வல்லரசு எறங்கி வந்து எட்டிப் பாத்தான், அப்புறம் தலையில கை வெச்சிக்கினு அங்கேயே குந்திட்டான். ஆத்தாக்காரி பயந்து ஓடிட்டா, இனிமே எங்க வரப் போறா, இதுங்க செத்துடும்னு ஆளுங்க சொன்னாங்க. உங்கம்மா உடனே மேல போத்தியிருந்த துப்பட்டியை விரிச்சு மூணையும் அள்ளிக்கினு வண்டிக்கு வந்துட்டா. மேஸ்திரிக்குக் கோவம், பாய், இதுக்காகவா வேலையை நிறுத்தறதுன்னு கேட்டாரு. மீதியை வழிச்சுக்கினு இருங்க, வந்துடறோம்னு சொல்லிட்டு நானும் அவ பின்னாடி ஓடினேன்.

கூட்டேரிப்பட்டு ரோட்டோர டீக்கடையில பால் வாங்கினோம், மெடிக்கல்ல சொட்டு மருந்து ஊத்தற பில்லர் ஒண்ணு வாங்கினேன். குளிர்ல நடுங்குது, பசியில வாடிக் கெடக்குதுன்னு உங்கம்மா மடியில வெச்சிக்கினு, மூணுல சின்னதா இருந்த குட்டிக்குத்தான் முதல்ல ஊத்தினா. ரெண்டு சொட்டு உள்ள போச்சு, மூணாவது பொரை ஏறிடுச்சு. மூக்கு வழியா பால் வருது, குட்டி வாயைத் திறந்து திறந்து மூடுது. அவ போன் வீட்லயே கெடக்குது, பயந்து போய் என் சட்டைப் பையிலேருந்து போனை அப்படியே பிடுங்கினா. யாருக்குப் பண்ணப் போறான்னு நான் பாக்கறதுக்குள்ள உன் பேரை அழுத்திட்டா. உன் பேர் எந்த எடத்துல இருக்குது, எதை அமுக்கணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்னு நான் அப்புறமாத்தான் யோசிச்சேன். மீதி உனக்கே தெரியும். பால் குடுக்கறதை உடனே நிறுத்துங்க, தலையைக் கொஞ்சம் கீழ சாய்ச்சுப் பிடிங்க, மூக்கைத் துணியில ஒத்தி எடுங்க, இனிமே ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க, இப்பவே டாக்டர்கிட்ட போங்கன்னு நீ சொன்னே. மொசல்னு தெரியாமலே நீ சொன்னது சரியா இருந்துது. லைன் கட் ஆனதும் உங்கம்மா போனை நெஞ்சோட வெச்சிக்கினு என்னைப் பாத்து, எம்பொண்ணு சொல்லிட்டா, பாலைக் கீழ ஊத்துங்க, வண்டியை எடுங்கன்னா. எம்பொண்ணுன்னு அவ வாயால கேட்டு எத்தனை நாளாச்சு. நான் பாலைக் கீழ ஊத்திட்டு வண்டியை எடுத்தேம்மா.

திண்டிவனத்துல கால்நடை டாக்டர் அருணான்னு ஒரு அம்மா, சின்ன வயசுதான், ஒரு கன்னுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கினு இருந்தாங்க. அட்டைப் பெட்டியைத் திறந்து பாத்ததும் முகம் சுருங்கிப் போச்சு. எங்கேருந்து எடுத்தீங்கன்னு கேட்டாங்க, எல்லாத்தையும் சொன்னோம். அப்புறம் அந்தம்மா நிதானமா சொன்னாங்க. இதுங்க அநாதைக் குட்டிங்க இல்லம்மா, காட்டு முயல் குட்டி பொறக்கறப்பவே முடியோட கண்ணு திறந்துதான் பொறக்கும், தாய் பகல்ல பக்கத்துலயே இருந்தா அந்த வாடைக்கு நாய் நரி வந்துடும்னு வேணும்னேதான் கொஞ்சம் தள்ளிப் போய்ப் புல்லுல பதுங்கி இருக்கும், பொழுது சாயறப்ப வந்து பால் குடுத்துட்டுப் போயிடும், இதுங்க அசையாம கெடந்தது பலவீனத்துல இல்ல, அதுதான் இதுங்களுக்குத் தெரிஞ்ச பாதுகாப்பு. மாட்டுப் பால் இதுங்களுக்கு ஆகவே ஆகாது, வீட்ல வெச்சு வளக்கறது சட்டப்படியும் தப்பு, இருட்டறதுக்குள்ள எடுத்த எடத்துலயே கொண்டு போய் வெச்சிட்டுத் தள்ளி நில்லுங்கன்னாங்க. உங்கம்மா அழுகிற மாதிரி ஆயிட்டா. நான் கையால தொட்டுத் தூக்கிட்டேனே, மனுஷ வாடை பட்டா தாய் சேத்துக்காதுன்னு சொல்வாங்களேன்னு கேட்டா. அதெல்லாம் சும்மா சொல்றதும்மா, வாடைக்குப் பயந்து பிள்ளையை விட்டுட்டுப் போற தாய் இல்ல அதுன்னு டாக்டரம்மா சிரிச்சாங்க. பொரை ஏறின குட்டியை மட்டும் காதுல குழாயை மாட்டிக்கினு ரொம்ப நேரம் பாத்தாங்க, நெஞ்சுல கொஞ்சம் சத்தம் இருக்குது, நல்ல வேளை உடனே நிறுத்தினீங்க, தாய்ப்பாலும் சூடும் கெடைச்சா தேறலாம், உறுதியா சொல்ல முடியாது, காலையில வரைக்கும் தாய் வரலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க, வனத்துறைக்குச் சொல்லி ஏற்பாடு பண்றேன்னு நம்பரும் குடுத்தாங்க.

திரும்பி மனைக்கு வர்றப்ப எனக்கு ஒரே யோசனை, அந்த எடத்தையும் வழிச்சுத் தள்ளியிருந்தா என்ன பண்றதுன்னு. வல்லரசு வண்டி இல்ல, அடுத்த வேலைக்குப் போயிட்டான். ஆனா அந்த ஆவாரஞ்செடியும் அதைச் சுத்தி ஒரு கயிற்றுக்கட்டில் அகலத்துக்குப் புல்லும் அப்படியே நின்னுக்கினு இருந்துது, சுத்தி நாலு பக்கமும் மொட்டை மண்ணு. யாரும் சொல்லாமலே அவன் அந்த எடத்தை விட்டுட்டுப் போயிருக்கான். உங்கம்மா ஒவ்வொண்ணா அந்தக் குழிக்குள்ள வெச்சா, சின்னதை நடுவுல வெச்சா. நான் நாய் வந்துடப் போகுதேன்னு வண்டியில கெடந்த சாமியானாத் துணியை எடுத்து நாலு கம்பு நட்டுச் சுத்திக் கட்ட ஆரம்பிச்சேன். உங்கம்மா பாத்துட்டு, ஏங்க, இப்படி அடைச்சிட்டா அவ எந்த வழியா வருவா, மொசலுக்குக் கல்யாணமா பண்றீங்கன்னு ஒரு அதட்டு அதட்டினா, எல்லாத்தையும் திரும்பப் பிடுங்கினேன். அப்ப பக்கத்துக் கொல்லைக்காரரு நடராசன் என்ன பாய் இதுன்னு வந்தாரு. அவருக்கு ரெண்டு நாய், ரெண்டும் அவுத்து விட்டுத்தான் கெடக்கும். விஷயத்தைச் சொன்னா, அவரு இடுப்புல கை வெச்சிக்கினு, பாய், எம்மல்லாட்டைச் செடியோட கொழுந்தை ராத்திரியில கடிச்சுத் தின்னுட்டுப் போறதே இதுங்கதான், இதுங்களுக்கு நான் காவல் இருக்கணுமான்னு கேட்டாரு. நியாயம்தானே. உங்கம்மாதான், ஒரு வேளை தின்னுட்டுப் போகட்டும்ண்ணே, உங்க வீட்ல பொம்பளைப் புள்ள இருந்து, அது எங்கியோ தனியாக் கெடந்தா, யாராவது பாத்துக்கட்டும்னு நெனைக்க மாட்டீங்களான்னா. அவர் மகளும் சென்னையில ஹாஸ்டல்ல இருந்து படிக்குதாம். திரும்பிக் கொல்லைக்குப் போனாரு, கொஞ்ச நேரத்துல ரெண்டு நாயையும் சங்கிலியில கட்டி மோட்டார் கொட்டகைக்குள்ள இழுத்துக்கினு போறது தெரிஞ்சுது.

நாங்க ரோட்டோரமா வண்டியை நிறுத்தி, மஃரிப் தொழுதுட்டு, கடை நாற்காலி ரெண்டை வண்டிக்குப் பின்னாடி மறைவாப் போட்டுக்கினு உக்காந்தோம். தூரத்துல பைபாஸ்ல லாரிங்க போய்க்கினு இருந்துது. உங்கம்மா அவளாத்தான் பேச்சை ஆரம்பிச்சா. எங்கண்ணன் வீட்ல என்னை நடு வீட்ல நிக்க வெச்சு, பொண்ணை வளத்த லட்சணமா இதுன்னு எல்லாரும் கேட்டாங்க, நான் ஒரு வார்த்தை பதில் பேசாம வந்தேன், அதை நீங்க அவகிட்ட சொன்னீங்களான்னு கேட்டா. இல்லைன்னேன். நானும் சொல்லல, சொல்லவும் கூடாது, ஆனா அவகிட்ட பேச வாயைத் திறந்தா அதுதான் முதல்ல வரும், அது வந்துடுமோன்னு பயந்துக்கினே வாயைத் திறக்கல, அப்படியே நாள் ஓடிப் போச்சு, இப்ப எப்படித் திறக்கறதுன்னே தெரியலைன்னா. பெனாசிர், இத்தனை நாளா அவ கோவமா இருக்கான்னுதான் நானும் நெனைச்சுக்கினு இருந்தேன். பக்கத்துலயே படுத்து எழுந்திருக்கறவன், எனக்கே தெரியல. எங்கண்ணன் மகன் நல்ல பையன்தான், ஆனா எம்பொண்ணுக்கு வேணாம்னா வேணாம்தானேன்னும் சொன்னா.

அப்பதான் என் கையை அழுத்தினா. மல்லாட்டைக் கொல்லை வரப்பு மேல அது வந்து உக்காந்திருந்துது. ரெண்டு காதையும் நிமித்திக்கினு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்குது. நாலு தத்து தத்தி வந்துது, திரும்ப நின்னுச்சு, சுத்தி இருந்த புல்லு எல்லாம் காணமே, அதுக்குக் கொழப்பமா இருந்திருக்கும். ஏதோ ஒரு லாரிக்காரன் அந்த நேரம் பாத்து ஏர் ஹாரனை அடிச்சான், அவ்வளவுதான், ஒரே பாய்ச்சல், காணாம போச்சு. உங்கம்மா யா அல்லாஹ்ன்னு முனகினா. அவ கை என் கையை விடவே இல்ல. இருட்டு கவிஞ்சுக்கினே வருது, இனிமே வராதுன்னு நான் எழுந்திருக்கப் பாத்தேன், உக்காருங்கன்னு இழுத்து உக்கார வெச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு, வழிச்சுப் போட்ட மொட்டை மண்ணு மேல ஒரு நிழல் மாதிரி தத்திக்கினு நேரா ஆவாரஞ்செடிக்கு வந்துது. புல்லுக்குள்ள போனது அசைவுல தெரிஞ்சுது, அப்புறம் அசைவே இல்ல. ரொம்ப நேரம் எல்லாம் இல்லம்மா, ஒரு டீ குடிக்கற நேரம்தான், வெளிய வந்துது, கொல்லைப் பக்கம் போயிடுச்சு. உங்கம்மா முந்தானையால மூஞ்சைத் துடைச்சிக்கினு, வந்துட்டா பாத்தீங்களா, வந்துட்டான்னு வீட்டுக்கு வர்ற வழி பூரா அதையே சொல்லிக்கினு வந்தா.

மறுநாள் விடியகாலம் ஃபஜ்ர் தொழுததும் திரும்பப் போனோம். ரெண்டு குட்டி வயிறு உருண்டையா, காதை மடிச்சுக்கினு கெடந்துது. சின்னது மட்டும் சில்லுன்னு ஆயிருந்துது. பொரை ஏறினதுதான் காரணமா இருக்கும்னு டாக்டரம்மா போன்ல சொன்னாங்க, தாயில்லாமப் போகல, ராத்திரி பால் குடிச்சிட்டுத்தான் போயிருக்கும்னும் சொன்னாங்க. உங்கம்மா அதைத் தன்னோட கைக்குட்டையில சுத்தி மனை ஓரத்துல அவளே குழி தோண்டி மூடினா, அன்னைக்குக் காலையில சாப்பிடல. இதை அவகிட்ட சொல்லாதீங்கன்னு என்னைக் கேட்டுக்கினா. நான் சொல்லிட்டேன், நீ தெரியாத மாதிரி இருந்துக்கோ.

இதனாலதான்மா கடக்கால் வேலை தள்ளிப் போச்சு. கொஞ்சம் நாள் பொறுங்க, புல்லு மேய ஆரம்பிச்சதும் அதுங்களே போயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மேஸ்திரி சீனுவாசன் முதல்ல முறுக்கினாரு, ஆளுங்களை வேற எடத்துக்கு அனுப்பிட்டா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாதுன்னாரு. அவரைச் சமாதானம் பண்ணது யாருன்னு நெனைக்கறே, வல்லரசுதான். அண்ணே, அந்தப் பாயம்மா பக்கெட்டுக்கு முன்னாடி நின்னதை நான் பாத்தேன், நீ வேணா போய் நின்னு பாருன்னு சொன்னானாம். நாங்க தினம் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திட்டுப் போவோம், கிட்ட போக மாட்டோம், தூரத்துலேருந்து பாத்துட்டு வருவோம். குட்டிங்க நாளாக நாளாக ஒரே எடத்துல இருக்கல, ஆளுக்கொரு பக்கம் ஒளிஞ்சிக்கும், தாய் வர்ற நேரத்துக்கு மட்டும் அந்த ஆவாரஞ்செடிகிட்ட வந்து சேரும். போற எடத்துல உங்கம்மா சும்மா இருக்கறாளா. மேஸ்திரி நட்டு வெச்ச முளைக்குச்சி எல்லாம் பாத்துக்கினு, அடுப்பங்கரை ஏன் மேற்கால இருக்குது, சாயங்கால வெயில் பூரா மூஞ்சில அடிக்கும், கெழக்கால மாத்துங்க, பெனாசிர் ரூமுக்கு ரெண்டு ஜன்னல் வையுங்க, அவளுக்கு மூச்சு முட்டும்னு ஒவ்வொண்ணா ஆர்டர் போட்டா. மேஸ்திரி என்னைப் பாக்கறாரு, நான் வானத்தைப் பாக்கறேன். கால் வெக்க மாட்டேன்னவ, இப்ப எனக்கு அந்த வீட்ல ஒரு மூலை கூட விடுவாளான்னு தெரியல. பிளானை மாத்தினதுல உனக்கு ஏதாவது சொல்லணும்னா அவகிட்டயே சொல்லிக்கோ, எனக்குத் தைரியம் இல்ல.

போன வாரம் ரெண்டு நாள் தொடர்ந்து பாத்தோம், குட்டிங்களும் வரல, தாயும் வரல. நாய் ஏதாவது பிடிச்சிடுச்சோன்னு உங்கம்மாவுக்கு முகம் வாடிப் போச்சு. மூணாவது நாள் நடராசன் கொல்லையிலேருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாரு. இங்க வாங்கம்மா, உங்க புள்ளைங்க பண்ண வேலையைப் பாருங்கன்னாரு. மல்லாட்டைச் செடியில ஒரு வரிசை கொழுந்து பூரா கத்திரியால வெட்டின மாதிரி கடிச்சிருக்குது. விடியகாலம் தண்ணி கட்டறப்ப பெருசு ஒண்ணு, சிறுசு ரெண்டு ஓடறதைப் பாத்தேன்னாரு. திட்டிக்கினேதான் சொன்னாரு, ஆனா நாயை இன்னும் கட்டித்தான் வெச்சிருக்காரு. அன்னைக்கு ராத்திரி உங்கம்மா ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டா. நேத்து வல்லரசு வந்து கடக்கால் எடுக்க ஆரம்பிச்சிட்டான், பாட்டு கொஞ்சம் மெதுவாத்தான் வெச்சிருந்தான். பெருநாளைக்குச் சுவர் நிக்காது, பேஸ்மட்டம் மட்டும்தான் இருக்கும், நீ வருத்தப்படாத.

ஒரே ஒரு விஷயம்மா. அன்னைக்கு ஒரு தடவை உங்கிட்ட பேசிட்டாளே தவிர, அதுக்கப்புறம் நீ அடிச்சா பழையபடி எழுந்து அடுப்பங்கரைக்குத்தான் போறா. கோவத்துல இல்ல, வெக்கம். இந்த வயசுல எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நிக்கறா. நீயும் அவளைப் போலத்தான், யாராவது முதல்ல வரட்டும்னு நிப்பே. நீ நர்ஸு, எவ்வளவோ பேருக்கு வலிக்காம ஊசி போடறவ, இதையும் நீயே பாத்துச் செய். நைட் டூட்டி முடிஞ்சு வெறும் வயித்துல தூங்காத, பஸ்ஸுல வர்றப்ப தூங்கிடாத, குளிருக்குக் காதை மூடிக்கோ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைஞ்ச சுகமும் குடுக்கணும், உன் கையால பாக்கற ஒவ்வொரு நோயாளியும் நல்லாயிப் போகணும், நீ நெனைச்சது நெனைச்ச மாதிரி நடக்கணும், ஆமீன். பாஸ்போர்ட் புதுப்பிக்கற தேதி நெருங்குது, அதை மறந்துடாத, லீவுக்கு எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி அதை முடிச்சிடு.

இப்படிக்கு,
உன் மேல உசிரா இருக்கற அத்தா,
மொய்தீன் பிச்சை.

பெனாசிர், அம்மா எழுதறேன். உங்கத்தா மத்தியானம் பூரா எதையோ மறைச்சு மறைச்சு எழுதிக்கினு இருந்தாரு, அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனப்ப எடுத்துப் படிச்சிட்டேன். பாதி கூட்டி எழுதியிருக்காரு. நான் ஜேசிபிக்காரனை அவ்வளவு சத்தமா எல்லாம் கத்தலை. டீயில சக்கரை போடறது எனக்கு எப்பவோ தெரியும். செத்துப் போனதைச் சொல்லாதீங்கன்னு சொன்னேன், அதையும் சொல்லிட்டாரு, நல்லதுதான், நானே சொல்லியிருக்கணும். நீ சொன்ன அந்த நிமிஷமே பாலை நிறுத்திட்டோம். நான்தான் உனக்குப் போன் பண்ண லேட் பண்ணிட்டேன், பால் ஊத்தறதுக்கு முன்னாடியே பண்ணியிருந்தா மூணும் பொழைச்சிருக்கும். ஊறுகாய்ப் பாட்டிலை நேரா நிக்க வெச்சு எடுத்துக்கினு வரச் சொல்லியிருக்கேன், எண்ணெய் கசிஞ்சா துடைச்சிட்டு வேற பாட்டில்ல மாத்திடு. இனிமே அத்தா நம்பருக்கு அடிக்காத. என் போனுக்கு அடி. நான் எடுக்கறேன்.

அம்மா,
ஃபாத்திமா பீவி.